அடிக்காமல் விட்ட ஹாரன்

காலை ஐந்தரைக்கே பசி குணாளனின் வயிற்றைப் பிறாண்டத் தொடங்கிவிட்டது. மனைவி ரோகினி பிள்ளைகளுக்குச் சுட்ட தோசையின் வாசனை வேறு வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. அவன் அடுப்புப் பக்கம் திரும்பாமல் குவளையில் பச்சைப் பவுடரைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, கரண்டியால் அடித்தான். புல்லை அரைத்துக் கரைத்தது போல நுரை பொங்கி வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்கினான். அதன் பின்னாலேயே கிளினிக்கில் கொடுத்த சர்க்கரை மாத்திரையையும் போட்டான்.

"மாத்திரைய சாப்பாட்டோட போடணும்னு நர்ஸ் மிஸ்ஸி படிச்சுப் படிச்சு சொன்னாங்க. ஒரு தோசையாச்சும் தின்னுட்டுப் போங்களேன்" என்றாள் ரோகினி.

"பன்னெண்டு மணி வரைக்கும் ஒண்ணும் உள்ள போவக் கூடாது. சும்மா வாயக் கிளறாத."

"பவுடர் குடிக்க ஆரம்பிச்சதிலேருந்து பேசினாலே கடிக்கிறீங்க. பிள்ளைங்க ஒங்கள கண்டா அந்த ரூமுக்கு ஓடுதுங்க."

"வியாழக்கெழம வரைக்கும் பொறுத்துக்கோ லா. அப்புறம் தோசையோட சேத்து அந்தக் கல்லையும் தின்றேன்."

வியாழக்கிழமை அவனுக்கு லோரி லைசன்சைப் புதுப்பிக்க மருத்துவச் சோதனை. அன்றைக்கு டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் லோரி. இல்லையென்றால் திரும்பவும் குலை தூக்கப் போக வேண்டியதுதான். பதினேழு வயதில் தொடங்கிப் பன்னிரண்டு வருடம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளைக் கம்பியால் குத்தித் தூக்கி லோரியில் எறிந்தவன் அவன். இடுப்பில் இரண்டு எலும்பு நகர்ந்த பிறகுதான் அந்த லோரியின் முன் இருக்கையில் ஏறினான். அவன் அப்பா சாகும்வரை அந்த இருக்கையில் உட்கார்ந்ததில்லை.

மூன்று மாதத்துக்கு முன்பு பகாவ் டவுன் கிளினிக்கில் டாக்டர் நிலானி அவன் ரத்தச் சோதனைத் தாளைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். ஏழை ஒட்டி இருக்க வேண்டிய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை பத்து புள்ளி நாலு.

"இனி மாத்திரை மட்டும் பத்தாது. இன்சுலின் ஊசி தொடங்கலாம். உங்க உடம்பே சுரக்க வேண்டிய ஹார்மோன்தான் அது. போதுமான அளவு வேலை செய்யல, வெளியிலேருந்து குடுக்கிறோம், அவ்வளவுதான்."

குணாளன் காதில் ஹார்மோனும் விழவில்லை, அவ்வளவுதானும் விழவில்லை. ஊசி என்ற ஒன்றுதான் விழுந்தது. ஊசி தொடங்கிய அன்றே லைசன்ஸ் போச்சு என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. மேல் டிவிஷன் ரவிச்சந்திரன் அப்படித்தான் எண்ணெய் லோரியை விட்டு இறங்கி இப்போது ஒரு தொழிற்சாலை வாசலில் கேட் திறந்து மூடிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு ஒரு கண் பார்வை போய்விட்டதை மட்டும் கதை சொல்கிற யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

"மூணு மாசம் டைம் குடுங்க டாக்டர். கொறைச்சுக் காட்டுறேன்" என்று கெஞ்சிவிட்டு வந்தான்.

குறைப்பதற்கு வழி சொன்னவர் ஜீவானந்தன். பேங்கில் இருந்து ஓய்வு பெற்று, பகாவ் கடைவீதியில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து நல்வாழ்வு மையம் நடத்துகிறவர். சுவரில் அவர் படமே இரண்டு மாட்டியிருந்தது. ஒன்றில் தொப்பையோடு, இன்னொன்றில் ஒட்டிய வயிற்றோடு. சோறு கூடாது, மாவு கூடாது, பால் டீ கூடாது. மத்தியானம் வரை பவுடர் மட்டும். இரவுக்கு ஒரு மாத்திரை, அது ஏதோ மீன் எண்ணெயும் பாகற்காயும் கலந்தது.

"டாக்டர்மாருக்கு இதெல்லாம் விளங்காது குணாளன். அவையிட்டச் சொல்லிக்கொண்டு நிக்காதேங்கோ" என்றும் சொல்லி வைத்தார்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் குணாளன் நாலு கேள்வி கேட்டிருப்பான். ஆனால் ஜீவானந்தனின் தாத்தா இதே தோட்டத்தில் பெரிய கிராணியாக, சம்பளக் கணக்கு எழுதும் தலைமை எழுத்தராக இருந்தவர். ஆபீஸ் சன்னலுக்கு வெளியே குணாளனின் தாத்தா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற காலம் அது. அந்தக் காலம் போய்விட்டது என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். ஆனாலும் அந்த மாடிக்குப் போகும்போதெல்லாம், எதிரில் நாற்காலி இருந்தும், குணாளன் நின்றுகொண்டேதான் தலையாட்டினான். கிராணி வீட்டு ஆள் எழுதிக் கொடுத்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்று அவன் எலும்புக்குள் யாரோ எழுதி வைத்திருந்தார்கள். கிளினிக் மாத்திரையையும் விடவில்லை. இரண்டு பக்கமும் அடித்தால் சர்க்கரை சீக்கிரம் விழும் என்று கணக்குப் போட்டான். என்ன மாத்திரை போடுகிறாய் என்று ஜீவானந்தனும் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

சர்க்கரைக்குப் போன வாரம் ரத்தம் எடுத்தாயிற்று. முடிவு வியாழக்கிழமை தெரியும். இன்றைக்குச் செவ்வாய்.

லோரியில் குலை நிறைந்தபோது மணி எட்டரை. வங்காளதேசத்துப் பையன்கள் உதிரிப் பழத்தை வாரிக் கொட்டிவிட்டு ஒதுங்கினார்கள். குலை ஏற்றும் ஆறுமுகம் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து கதவை அறைந்து மூடினார். அறுபதை நெருங்கும் ஆள். வாய் மட்டும் ஓயாது.

"என்னடா குணா, சட்டை ஒனக்குப் போட்டியா, ஆணிக்குப் போட்டியா? தொங்குது."

"பதினோரு கிலோ கொறைஞ்சிருக்குண்ணே."

"கொறஞ்சது சர்க்கரையா, நீயான்னு பாத்துக்கோ."

குணாளன் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் லேசாக நடுங்கின. பின்கழுத்தில் வேர்வை வழிந்தது. சன்னல் திறந்திருந்தும் வேர்வை. ஆறுமுகத்தின் பேச்சு ஒரு கொசு மாதிரி காதைச் சுற்றியது. அடக்க முடியாத எரிச்சல், யார் மேல் என்று தெரியாத எரிச்சல். ஆக்சிலேட்டரில் காலை அழுத்தினான். ரப்பர் மரங்கள் முடிந்து பள்ளிக்கூட வளைவு வரும் இடம் எதிரே தெரிந்தது.

அடுத்து அவன் கண்ணுக்குத் தெரிந்தது எண்ணெய் ஆலையின் எடை மேடை. லோரி சரியாக மேடை மேல் நின்றிருந்தது. ஆறுமுகம் அவன் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏன்டா ஹாரன் அடிக்கல?"

"எங்க?"

"எங்கயா? ஸ்கூல் வளைவுலடா! தெனமும் ரெண்டு ஹாரன் அடிப்பியே. நான் தொண்ட கிழியக் கத்துறேன், நீ கட்ட மாதிரி ஒக்காந்திருக்க. ஒரு டீச்சரம்மா பிள்ளைங்கள புடிச்சு இழுத்துச்சு."

"அடிச்சேனே."

"அடிக்கலடா."

குணாளன் யோசித்துப் பார்த்தான். வளைவு. எடை மேடை. இரண்டுக்கும் நடுவே நாலு கிலோமீட்டர் ரோடு. அந்த ரோடு அவனிடம் இல்லை. யாரோ கத்தரித்து எடுத்துவிட்டிருந்தார்கள்.

ஆறுமுகம் பையிலிருந்து உருளைக்கிழங்கு அடைத்த ஒரு கறிபாப்பை எடுத்து நீட்டினார். "இந்தா, தின்னு. மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி கெடக்கு."

"மணி ஒம்பதரைதான் ஆவுது. பன்னெண்டுக்குத்தான்."

"மணியா முக்கியம், மயிரு!" என்று ஆறுமுகம் கறிபாப்பைத் தானே கடித்துக்கொண்டார்.

குலை இறங்கியதும் குணாளன் லோரியை ஆலை வளாகத்திலேயே நிறுத்தினான். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு, ஆலைக் காவலாளியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி பகாவ் கடைவீதிக்குப் போனான். கிளினிக்குக்குப் போகலாம். போனால் நடந்ததைக் கார்டில் எழுதிவிடுவார்கள். எழுதியதை வியாழக்கிழமை டாக்டர் படித்துவிடுவார். அதனால் ஜீவானந்தனின் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினான்.

"ஐயா, கை நடுங்குது. கண்ணு இருட்டுது" என்றான்.

ஜீவானந்தன் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார். "அது நல்ல அறிகுறி குணாளன். உடம்பில இருக்கிற கழிவெல்லாம் வெளியேறுது. ரெண்டு மூண்டு நாள் அப்பிடித்தான் இருக்கும்."

உள்ளே தடுப்புக்குப் பின்னால் பவுடர் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி சரோஜினிதேவி எட்டிப் பார்த்தாள். குணாளனின் முகத்தைப் பார்த்த மறு நொடி கையிலிருந்த டப்பாவைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அவன் தோளை அழுத்தி நாற்காலியில் உட்கார வைத்தாள். ஐஸ் பெட்டியைத் திறந்து ஒரு பழச்சாற்றுப் பொட்டலத்தை எடுத்து, குழாயைக் குத்தி, அவன் வாயிலேயே வைத்தாள்.

"குடியுங்கோ தம்பி. நிப்பாட்டாமல் குடியுங்கோ."

"சீனி கூடாதுங்கம்மா…"

"இப்ப சீனிதான் மருந்து. குடியுங்கோ!"

அவன் உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதே கைப்பையிலிருந்து ஒரு சின்ன மெஷினை எடுத்து அவன் விரலில் குத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு வெங்காயம் நறுக்குகிறவள் போல அவ்வளவு பழகிய கை. மெஷினில் இரண்டு புள்ளி ஒன்பது என்று வந்தது; நாலுக்குக் கீழே இறங்கக் கூடாத எண்.

"என்ன குளிசை போடுறீங்கள்?"

சட்டைப் பையிலிருந்த மாத்திரை அட்டையைக் காட்டினான். அவள் அதைப் படித்துவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"இது சீனியை இறக்கிற குளிசை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே? இதைப் போடுற மனிசனை மத்தியானம் வரைக்கும் பட்டினி போட்டு வச்சிருக்கிறீங்கள். லொறி ஓட்டுற மனிசன்!"

"அவர் குளிசை எடுக்கிறதைச் சொல்லேல்லை…"

"நீங்கள் கேட்டனீங்களோ?"

ஐஸ் பெட்டியின் கதவு இன்னும் திறந்தே கிடந்தது. கதவுத் தட்டில், முட்டைக்குப் பக்கத்தில், தடித்த பேனா மாதிரி மூன்று வரிசையாக இருந்தன. இன்சுலின் இப்படித்தான் இருக்கும், எறும்பு கடித்த மாதிரிதான் வலிக்கும் என்று கிளினிக்கில் மிஸ்ஸி அவன் கையில் கொடுத்துக் காட்டியது இதைத்தான்.

"அது யாருக்கும்மா?" என்று கேட்டான்.

சரோஜினிதேவி எட்டிக் கதவைச் சாத்தினாள்.

"இவருக்குத்தான், ஒன்பது வருசமா" என்றாள்.

"பவுடரும் சேர்ந்துதான் உதவி செய்தது" என்றார் ஜீவானந்தன். காதுமடல் சிவந்துபோயிருந்தது. "ரெண்டும் சேர்ந்து. நான் பொய் சொல்லேல்லை குணாளன்."

சுவரில் ஒட்டிய வயிற்றோடு நின்ற படம் சிரித்துக்கொண்டிருந்தது. குணாளனுக்கு அவரை அறைய வேண்டும் என்று தோன்றியது. அது வந்த வேகத்திலேயே போனது. அப்போதுதான் கவனித்தான். கிராணி வீட்டு ஆளுக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறான். எழுந்து நிற்க வேண்டும் என்று ஒரு பழைய பதற்றம் முட்டிக்கு வந்தது. அவன் எழுந்திருக்கவில்லை.

"ஐயா கார் ஓட்டுறீங்கதானே? ஊசி போட்டுக்கிட்டுத்தான் ஓட்டுறீங்க?"

"ஓம்… அது சின்னக் கார்தானே."

"நான் ஓட்டுறது பெருசுங்க" என்றான் குணாளன்.

புதன்கிழமை அவன் லோரியை எடுக்கவில்லை. வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தான். தன் மோட்டார் சைக்கிளைத் துடைத்தான், துடைத்ததையே திரும்பத் துடைத்தான். பத்து மணிக்கு ரோகினி தட்டில் இரண்டு தோசையை வைத்தபோது மணியைப் பார்க்காமல் தின்றான். நடந்தது எதையும் அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆறுமுகம் முன்தினம் சாயங்காலமே வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வியாழக்கிழமை டாக்டர் நிலானி தாளைப் பார்த்ததும் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"ஏழு புள்ளி ஒண்ணு! குணாளன், எப்படி இது? நான் எதிர்பார்க்கவே இல்ல."

அவன் மூன்று மாதம் பட்டினி கிடந்தது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். ரோகினி அவன் முழங்கையைத் தொட்டாள். மிஸ்ஸி லைசன்ஸ் படிவத்தை அவன் முன்னால் வைத்தாள். கேள்விகள் எல்லாம் மலாயில். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கட்டம். உண்டு என்றால் அடா, இல்லை என்றால் தியாடா. வலிப்பு, தியாடா. நெஞ்சு வலி, தியாடா. கண் பார்வைக் கோளாறு, தியாடா. பேனா வழுக்கிக்கொண்டு போனது.

ஏழாவது கேள்வி. கடந்த ஆறு மாதத்தில் மயக்கமோ நினைவு தப்பியதோ உண்டா?

டாக்டர் ஏற்கெனவே கையெழுத்துப் போடப் பேனா மூடியைக் கழற்றி வைத்திருந்தார். இன்னொரு தியாடா போட்டால் நாளைக் காலை லோரி அவனுடையது. எண் நன்றாக இருக்கிறது. பவுடரைத் தூக்கி எறிந்துவிடலாம், தோசை தின்றுவிட்டே மாத்திரை போடலாம், இனி அப்படி வராது. வராதா? அதை யார் சொல்வது? அந்த நாலு கிலோமீட்டரை எத்தனை தடவை தேடினாலும் அது கிடைக்கவில்லை. உள்ளங்கை வேர்த்தது. இது பசி வேர்வை இல்லை.

அடா கட்டத்தில் கோடு போட்டான். படிவத்தை டாக்டர் பக்கம் தள்ளினான்.

டாக்டர் படித்தார். பேனா மூடியை மெதுவாகத் திரும்ப மாட்டினார்.

"எப்போ?"

"செவ்வாக்கெழம காலையில. லோரியில. பள்ளிக்கூட வளைவுல ஹாரன் அடிக்காம வந்துட்டேன் டாக்டர். சாப்பிடாம மாத்திரை போட்டேன். ஒரு பவுடரும் குடிச்சேன். எல்லாத்தையும் சொல்லிடுறேன். ஊசின்னாலும் போடுங்க."

"அந்த வளைவுல பிள்ளைங்க நின்னாங்களா?"

"நின்னாங்களாம். டீச்சர் இழுத்துப் புடிச்சாங்களாம்."

"எத்தனை பேர்?"

குணாளன் வாயைத் திறந்தான். ரோகினி அவன் முழங்கையை விடவில்லை.

"தெரியல டாக்டர்" என்றான். "அதத்தான் சொல்றேன். எனக்குத் தெரியல."