சவுக்குக் கட்டையில் திண்டிவனம் வரை

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் கண்டது கொஞ்சம்தான். விழுப்புரத்திலிருந்து சென்னை போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். முண்டியம்பாக்கம் தாண்டியதும் பக்கத்தில் ஒரு பழைய ஆம்னி வேன் வந்தது. பின்கதவு இல்லை. அந்த இடத்தில் ஒரு இரும்பு டிரம். டிரம்மிலிருந்து ஒரு குழாய் கிளம்பி, கூரைமேல் ஏறி, முன்பக்கம் இறங்கி, சீட்டுக்கு அடியில் போய் மறைந்தது. ஓட்டிய பெண் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் மடியில் ஒரு மஞ்சள் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பல் பிடுங்கக் காத்திருப்பவர்போல உட்கார்ந்திருந்தார்.

"விறகுல ஓடுது சார் அது. பெட்ரோலே கெடையாது" என்றார் நடத்துனர்.

பேருந்து முந்திவிட்டது. அவ்வளவுதான். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப்போனது. அடுப்பில் வைக்கிற விறகு நெடுஞ்சாலையில் ஆளை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது! மீதியை எல்லாம் நானே இட்டுக்கட்டினேன், பெயர்கள் உட்பட.

2

தொடக்கம் ஒன்று: "ஆதவன் கீழ்வானில் தன் செங்கதிர்களைப் பரப்பி" (வேண்டாம். ஆம்னி வேன் கதையில் ஆதவனுக்கு என்ன வேலை?)

தொடக்கம் இரண்டு: "உலகம் இன்று எதிர்கொள்ளும் எரிபொருள் நெருக்கடியை நாம்" (எழுதும்போதே கொட்டாவி வந்துவிட்டது.)

தொடக்கம் மூன்று: "வண்டி திண்டிவனம் போய்ச் சேந்துச்சுன்னா உன் இஷ்டம். நடுவுல நின்னுச்சு, ஒரு சொட்டு பெட்ரோல் ஊத்துனோம், நாளைக்கே காயலான் கடைக்குப் போய்க்கினே இருக்கும்."

இது நிற்கிறது. சொன்னவர் இருதயநாதன். விழுப்புரத்தில் சவுண்டு சர்வீஸ் வைத்திருப்பவர். தேர்த்திருவிழா, காதுகுத்து எதுவானாலும் அவருடைய ஸ்பீக்கர்தான் அலறும். யாரிடம் சொன்னார்? மனைவி அருள்ராணியிடம். அவள் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் டீச்சர். (இருவருக்கும் 'அவர்' போட்டு எழுதிப்பார்த்தேன். எந்த 'அவர்' யார் என்று எனக்கே குழம்பியது. அதனால் ஒரு அவள், ஒரு அவர். டீச்சர் மன்னிக்கவும்.)

3

இருதயநாதனை வில்லனாக்கத்தான் முதலில் பார்த்தேன். பந்தயம் போட்டவர் வில்லனாக இருந்துவிட்டால் கதை எழுதுவது சுலபம். ஆனால் அவர் ஏன் பந்தயம் போட்டார் என்று யோசித்ததும் என் வேலை கெட்டது. இரண்டு வருடமாக வீட்டுக் கொல்லையில் புகை. பச்சை விறகைப் போட்டதில் இன்ஜினுக்குள் தார் பிடித்து, அதைக் கழற்றிக் கழுவியவர் அவர். ஒருநாள் டிரம்மின் மூடியைத் திறந்தபோது தீ குப்பென்று வந்து அருள்ராணியின் புருவம் பொசுங்கியது. அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை. பயந்துபோன மனுஷனை நான் எப்படி வில்லனாக்குவது?

அருள்ராணியின் பக்கமும் கேளுங்கள். வெப்பம், ஆற்றல், இன்ஜின் என்று வருடா வருடம் அதே பாடம், அதே கரும்பலகை, அதே படம். அவள் கையால் செய்த எதுவும் இதுவரை ஓரடி நகர்ந்ததில்லை. இந்த வண்டி நகர்ந்தது! முதன்முதலாகக் கொல்லையிலிருந்து தெருமுனைவரை அது ஓடிய அன்று அவள் ஸ்டியரிங்கின்மேல் முகத்தை வைத்து அழுதாள். அப்படிப்பட்ட வண்டியை இரும்புக்கு எடைபோடுவதா? இருந்தாலும், "சரிங்க, பந்தயம்" என்று சொல்லிவிட்டாள். வண்டிமேல் அவ்வளவு நம்பிக்கை.

* எப்படி ஓடுகிறது என்று கேட்பவர்களுக்கு: மூடிய டிரம்மில், காற்றைக் குறைத்து விட்டு விறகை எரித்தால், எரியக்கூடிய புகை ஒன்று வரும். அதை வடிகட்டி, ஆறவைத்து, பெட்ரோலுக்குப் பதிலாக இன்ஜினுக்குக் கொடுப்பதுதான் வித்தை. அந்தப் புகை விஷம். அருள்ராணி எல்லா ஜன்னலையும் திறந்துவைத்துத்தான் ஓட்டுகிறாள். படித்துவிட்டு யாரும் வீட்டில் டிரம் தேடவேண்டாம்.

4

சனிக்கிழமை காலை. நன்றாகக் காய்ந்த சவுக்குக் கட்டையைக் கட்டைவிரல் அளவுக்கு நறுக்கி டிரம்மை நிரப்பியாகிவிட்டது. சின்ன விசிறி ஒன்று காற்றை இழுத்து நெருப்பை ஊத, கொஞ்ச நேரத்தில் புகை பதத்துக்கு வந்தது. அருள்ராணி சீட்டுக்குப் பக்கத்திலிருந்த வால்வைத் திருகிச் சாவியைப் போட்டாள். இன்ஜின் இருமியது, தும்மியது, பிடித்துக்கொண்டது.

"இருமுது பாரு. டாக்டராண்ட காட்டு" என்றார் இருதயநாதன், மஞ்சள் பெட்ரோல் கேனை மடியில் ஏற்றிக்கொண்டு.

"கேனக் கீழ வெச்சா இன்னாங்க?"

"எனக்கு இது தேவைப்படும்."

நெடுஞ்சாலையில் ஏறியதும் வண்டிக்குக் குஷி வந்துவிட்டது. முண்டியம்பாக்கத்தில் கரும்பு லாரிகளையே முந்தினாள்! பைக்கில் போனவன் பக்கத்தில் வந்து, டிரம்மைப் பார்த்து, "அக்கா, இன்னா பிரியாணியா?" என்று கேட்டான். "ஆமாண்டா, திண்டிவனத்துல பந்தி!" என்று கத்தினாள். (நான் பேருந்தில் பார்த்த சிரிப்பு இந்த இடத்தில்தான் இருக்கவேண்டும். ஒட்டவைத்துவிட்டேன்.)

விக்கிரவாண்டி டோல்கேட்டில் வரிசை. வண்டி நின்றால் இன்ஜின் புகையைச் சரியாக இழுக்காது, இழுக்காவிட்டால் நெருப்பு அடங்கும். அவள் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தாள். அப்படியும் சத்தம் மெலிந்தது. வண்டி மொத்தமும் உதறியது. பின்னால் ஹாரன்கள். அவளுக்குப் புரிந்துவிட்டது: கட்டைகள் டிரம்மின் நடுவில் சிக்கி நின்றுவிட்டன, கீழே நெருப்புக்கு இரை இல்லை.

5

இங்கேயே முடித்துவிடலாம் என்று எனக்கு ஒரு சபலம்.

முடிவு அ: இருதயநாதன் கேனைத் திறக்கிறார். அருள்ராணி வால்வை மூடுகிறாள். காயலான் கடையில் டிரம் உருண்டுபோகிற ஓசை அவள் காதில் (சீ. காலையிலிருந்து சிரித்துக்கொண்டு வருகிறவளை இப்படி அழவைக்க எனக்கு மனசு வரவில்லை.)

முடிவு ஆ: டோல்கேட்டில் திடீரென்று ஒரு விஞ்ஞானி தோன்றி (அவர் எங்கிருந்து வந்தார் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்.)

நடந்தது இது. அவளால் பெடலிலிருந்து காலை எடுக்க முடியாது.

"கால்கிட்ட கெடக்குற கம்பிய எடுத்து டிரம்மத் தட்டுங்க! கட்ட மாட்டிக்கிச்சு! ஜல்தி!"

இருதயநாதன் கேனைப் பார்த்தார். சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், ஜெயித்துவிடலாம். அவர் கேனைக் கீழே வைத்தார். கம்பியோடு இறங்கி ஓடினார். சவுண்டு சர்வீஸ்காரர் இல்லையா, தட்டினாரே ஒரு தட்டு! டங்கு டங்கென்று டோல்கேட்டே திரும்பிப் பார்த்தது. உள்ளே கட்டைகள் பொலபொலவென்று சரிந்தன. இன்ஜின் உறுமிக்கொண்டு எழுந்தது. பின்னாலிருந்த லாரி டிரைவர் ஹாரனை விட்டுவிட்டு விசில் அடித்தார். கரி அப்பிய முகத்தோடு இருதயநாதன் ஏறி உட்கார்ந்தபோது அவருடைய பல் மட்டும்தான் தெரிந்தது.

"எப்பிடி?" என்றார்.

அருள்ராணி ஹாரனை நீளமாக ஒரு அழுத்து அழுத்தி வண்டியைக் கிளப்பினாள்.

6

கூட்டேரிப்பட்டுக்குச் சற்று முன்னால் போலீஸ் கைகாட்டியது. ஒரு எஸ்.ஐ., கூட ஒரு பெண் காவலர், சித்ரா என்று பெயர். அபராதம் போடுகிற மிஷின் அவர் கையில் இருந்தது.

இந்த இடத்தில் வாசகரிடம் ஒரு விஷயம். இவ்வளவு நேரம் புகை, புகை என்றே ஓட்டிவந்தேன், கவனித்தீர்களா? அதற்கு ஊரில் வழங்குகிற சொல் வேறு. தமிழில் எழுதினால் வம்பில் மாட்டிவிடும் என்று ஒதுக்கியே வைத்திருந்தேன். இனி முடியாது. இருதயநாதன் முந்திக்கொண்டு வாயைத் திறந்துவிட்டார்.

"ஆஃப் பண்ணும்மா. இன்னா வண்டிய்யா இது?" என்றார் எஸ்.ஐ. அருள்ராணி இன்ஜினை நிறுத்தினாள். இருதயநாதன் சொன்னார்:

"கேஸ் வண்டி சார்!"

லாரிகள் போகிற இரைச்சலில் அரைகுறையாகக் காதில் விழுந்து எஸ்.ஐ.யின் முகம் மாறியது. "கேஸ்ல இருக்கிற வண்டியா? எந்த ஸ்டேஷன்ல?"

"ஸ்டேஷன்லாம் இல்ல சார். வூட்லயே போட்ட கேஸ்."

"வூட்லயேவா? குடும்பத் தகராறா? போட்டது யாரு, நீயா அந்தம்மாவா?"

"அவங்கதான் சார். ரெண்டு வருஷமா போட்டுக்கினு இருக்காங்க."

"உம்மேலயா?"

"பின்னால சார்!"

அருள்ராணி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "விறகு கேஸ் சார், விறகு!" என்று கத்தினாள். எஸ்.ஐ. வண்டியைச் சுற்றிவந்தார். டிரம்முக்கு அருகே கையை நீட்டி, சூடு பட்டு இழுத்துக்கொண்டார். பிறகு ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தார்.

"ஆர்.சி.யில பெட்ரோல்னு போட்டுக்கிதே."

"தப்புதான் சார்" என்றாள். அவள் குரல் இறங்கியிருந்தது. டிரம்மில் நெருப்பு அடங்கிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச நேரம் போனால், பெட்ரோல் இல்லாமல் இன்ஜின் கிளம்பாது. வண்டியைப் பிடித்துவைத்துக்கொண்டாலும் அதே கதிதான்.

"விறகுல ஓடுதுன்ற. அப்ப அந்தக் கேன்ல இன்னா?"

"அது நான் ஜெயிக்கிறதுக்கு எடுத்தாந்தது சார்" என்றார் இருதயநாதன். "பந்தயத்துல எதிர்க்கட்சியே நான்தான். நானே சொல்றேன், எழுதிக்குங்க! விழுப்புரத்துலேர்ந்து ஒரு சொட்டு ஊத்தல. வெறும் சவுக்கு! எங்க வூட்டம்மா செஞ்சது சார் இது. அவங்களே செஞ்சது!"

இரண்டு வருடத்தில் அவர் அதை ஒருவரிடமும் இப்படிச் சொன்னதில்லை.

7

இனி ஒரு வரிதான் பாக்கி. அதை எஸ்.ஐ. பேசுகிறார். அவருக்கு ஒருபக்கம் சித்ரா, மிஷினின்மேல் விரலோடு. மறுபக்கம் அருள்ராணி, வால்வின்மேல் கையோடு. அவர் இருவரையும் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார்:

"கேஸப் போடும்மா. ஜல்தி."

சித்ராவும் 'அம்மா'தான், அருள்ராணியும் 'அம்மா'தான். நேரில் இருந்திருந்தால் முதல் எழுத்தை அவர் மென்மையாகச் சொன்னாரா, அழுத்திச் சொன்னாரா என்று காது சொல்லியிருக்கும். என்னிடம் இருப்பது ஒரே ஒரு 'க'. வழக்குக்கும் அதுதான், வாயுவுக்கும் அதுதான். எஸ்.ஐ.க்கு ஒரு புன்னகை எழுதிப்பார்த்தேன், அடித்தேன். ஒரு முறைப்பு எழுதினேன், அதையும் அடித்தேன். அவர் எப்படிச் சொன்னார் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

நீங்கள்தான் அந்த வரியை வாய்விட்டுப் படிக்கவேண்டும். சீக்கிரம் படியுங்கள், நெருப்பு ஆறிக்கொண்டிருக்கிறது.