இரண்டு ஓரக் கம்பிகள்

கடைக்காரர் மூன்று கேபோக்களைக் கண்ணாடி மேசையின் மேல் எடுத்து வைத்துவிட்டு, கிட்டார் உங்களுக்கா என்று கேட்டார். அண்ணனுக்கு என்றாள் அவள். அந்த நேரத்தில் அண்ணன் வீட்டு முன்னறையில், பெட்டிக்குள், இஸ்திரி போட்ட சட்டையோடு படுத்திருந்தார். அவரைக் கொண்டுபோக நாலு மணிக்கு வண்டி வரும். பெரிதாக்கிய போட்டோவை வாங்கி வரத்தான் அவளை அனுப்பியிருந்தார்கள். போட்டோக் கடையில் அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். அதை ஒட்டியே வாத்தியக் கடை.

கைப்பையிலிருந்து பழைய கேபோவை எடுத்து வைத்தாள். பழையது என்ன பழையது, போன வியாழக்கிழமை இதே கடையில் வாங்கியதுதான். காலையில் அண்ணனுடைய அடையாள அட்டையைத் தேடும்போது கிட்டார் பெட்டிக்குள் கிடைத்தது. கிட்டாரின் கழுத்தில் மாட்டினால் ஆறு கம்பிகளையும் ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொள்ளும் ஒரு சின்னக் கவ்வி, அவ்வளவுதான். இதை மாட்டினால் ஓரக் கம்பி இரண்டும் இரைகின்றன என்று சொன்னாள்.

கடைக்காரர் அதைத் திறந்து, ரப்பரைக் கட்டைவிரலால் தடவினார்.

"இது தட்டைக் கழுத்துக்குங்க. நைலான் கம்பி கிட்டாருக்கு. உங்க அண்ணனோடது இரும்புக் கம்பியா?"

அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அண்ணன் கழற்றிப் போட்ட கம்பி ஒன்றில்தான் சமையலறைத் திரையைக் கோத்து வைத்திருக்கிறாள்.

"அப்ப கழுத்து நடுவுல லேசா மேடா இருக்கும். இது நேர்கோடா உக்காருது. நடுக்கம்பி நல்லா அழுந்தும், ஓரத்துல படியாது."

"அப்ப வாசிக்கிறவங்க விரல்ல தப்பு இல்லையா?"

"விரலாவும் இருக்கலாம். மாட்டிப் பாத்தாத்தான் தெரியும். அவரையே கூட்டிட்டு வாங்களேன்."

அவரால் வர முடியாது என்றாள். பொய்யில்லை.

பொருள் வாங்குவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவளுக்கு ஒரு நினைப்பு உண்டு. துணிக்கடையில் அளவு திருத்தித் தைக்கும் வேலை. ஆளைப் பார்த்ததுமே இடுப்பளவைச் சொல்லிவிடுவாள். அண்ணனுக்குச் சட்டை, செருப்பு, மூக்குக்கண்ணாடிச் சட்டம் எல்லாம் இருபத்தாறு வருஷமாக அவள்தான் வாங்கினாள். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஒரு வீடு, இரண்டு அறை, ஒரு தையல் மிஷின், ஒரு கிட்டார். எது அதிகச் சத்தம் என்று சண்டை நடக்கும்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த பிறகு இடது கை பழைய மாதிரி இல்லை. கேபோ மாட்டினால் கம்பிகள் கொஞ்சம் தாழ்ந்து நிற்கும், அழுத்துவது சுலபம் என்று யாரோ சொன்னார்களாம். அதுவரை அவர் கேபோவே மாட்டியதில்லை. ஒன்று வாங்கி வரச் சொன்னார். இங்கே வந்து, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், பார்க்க அழகாக இருந்த கறுப்பும் தங்க நிறமுமான ஒன்றை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள்.

மாட்டி வாசித்தார். இரைந்தது. கழற்றி மாட்டினார். மறுபடி இரைந்தது. வெள்ளிக்கிழமை முழுக்க இதே கதை. கேபோ சரியாக உட்காரவில்லையோ என்று மெதுவாகக் கேட்டார். அவளுக்குச் சுருக்கென்றது. தையல் மிஷினை நிறுத்தாமலே சொன்னாள்:

"கேபோல ஒண்ணும் இல்லண்ணா. உன் விரல்லதான் இப்ப வலு இல்ல."

அவர் கேபோவைக் கழற்றிவிட்டார். சனிக்கிழமை காலையில் கிட்டாரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். ஓய்வெடுக்கிறார், நல்லதுதான் என்று அவள் நினைத்தாள். செவ்வாய்க்கிழமை விடிந்தபோது அவர் எழுந்திருக்கவில்லை.

பாழாய்ப்போன வாய். அதை அவள் நேற்றிலிருந்து எத்தனை தடவை சபித்தாளோ. முப்பது வருஷம் லிஃப்ட்டில் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதாலேயே கண்டுபிடித்தவர். அவருக்கா தெரியாது? தெரிந்தே, தங்கை வாங்கி வந்ததைக் குறை சொல்ல மனசில்லாமல் விட்டாரா, இல்லை அவள் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாரா?

கடைக்காரர் விளக்கிக்கொண்டிருந்தார். ஸ்பிரிங் வைத்ததை ஒரே கையால் மாட்டலாம், ஆனால் கை வலு வேண்டும். திருகு வைத்தது நிதானமாகத்தான் மாட்ட முடியும். அவள் ஸ்பிரிங்கை இடது கையால் அமுக்கிப் பார்த்தாள். அண்ணனுக்கு இது ஆகாது. அடுத்ததையும் அமுக்கினாள். அதுவும் கடினம். திருகு வைத்ததை ஒரு விரலால் திருப்ப முடிந்தது.

"பாட்டுக்கு நடுவுல சட்டுன்னு மாத்தணும்னா இது தோதுப்படாதுங்க."

"பரவால்ல. அவருக்கு அவசரம் இல்ல."

கடைக்காரர் அதைக் காகிதப் பையில் போட்டுக் கொடுத்தார். சரியாக இல்லாவிட்டால் அண்ணனை ஒரு போன் பண்ணச் சொல்லுங்கள் என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

வீட்டு வாசலில் சித்தி மகன் நின்றுகொண்டிருந்தான். போட்டோ எங்கே என்று கேட்டான். அவள் கையிலிருந்த பையைப் பார்த்தாள். போட்டோவை வாங்கவே இல்லை. போட்டோக் கடையைத் தாண்டித்தான் நடந்து வந்திருக்கிறாள். அவன் ரசீதை வாங்கிக்கொண்டு தானே கிளம்பினான். அவன் திட்டியிருந்தால் தேவலை.

அண்ணனுடைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, கிட்டாரை மடியில் வைத்தாள். இத்தனை வருஷத்தில் தூசி தட்டத்தான் தொட்டிருக்கிறாள். எவ்வளவு லேசான சாமான் என்று இப்போதுதான் தெரிந்தது. வாசிக்கத் தெரியாதது இதற்கு ஒரு தடையில்லை. விரலே வைக்காமல் கேபோவை மட்டும் மாட்டித் தட்டினால் உண்மை வெளியே வந்துவிடும்.

முதலில் கறுப்பு கேபோவை மாட்டி ஒவ்வொரு கம்பியாகத் தட்டினாள். நடுவில் நாலும் சுத்தம். ஓரத்தில் இரண்டும் இரைந்தன. அதைக் கழற்றிவிட்டு, புதியதை அதே இடத்தில் வைத்து, திருகை மெல்ல மெல்லத் திருப்பினாள். வெளியே துக்கத்துக்கு வந்தவர்களின் பேச்சுச் சத்தம் நின்றிருந்தது. அவர்களுக்குக் கேட்கிறது போல. கேட்கட்டும்.

தடித்த கம்பியைத் தட்டினாள். ஒலித்தது. அடுத்தது, அதற்கடுத்தது. கடைசியில் மெல்லிய கம்பி. இரைச்சல் துளியும் இல்லை. நம்பிக்கை வராமல் ஆறையும் சேர்த்து ஒரு முறை வருடினாள். அந்த ஒலி அறை முழுக்க நிறைந்து, அது பாட்டுக்கு ஓய்ந்தது. இதைக் கேட்க வேண்டிய ஆள் ஒருவர்தான். அவர் அடுத்த அறையில் இருந்தார்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். நாற்காலிகளில் இருந்தவர்கள் கால்களை ஒதுக்கி வழி விட்டார்கள். அண்ணனுடைய கைகளை மார்பின் மேல், இடது கை அடியிலும் வலது கை மேலுமாக யாரோ கோத்து வைத்திருந்தார்கள். வண்டி வந்துவிட்டது என்று பின்னால் ஒரு குரல் சொன்னது. அவள் குனிந்து, வலது கையை மெதுவாக விலக்கி, இடது கையை எடுத்து மேலே வைத்தாள். கம்பிகளை அழுத்தி அழுத்தி, அதன் விரல் நுனிகள் நான்கும் இன்னும் காய்த்துக் கெட்டியாக இருந்தன.