எதிர்மாடிக் கேமரா

"மாறா, படம் வருதா பாரு!"

எதிர்வீட்டு மொட்டைமாடியிலிருந்து கஸ்தூரி கத்தினாள். கீழே தேரடித் தெருவில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். கத்தல் எங்கே கேட்கப்போகிறது? கேபிள் டிவி மாறன் அவள் வீட்டு வாசலுக்கு வந்து தலையை ஆட்டினான். வரவில்லை.

உள்ளே அவள் அப்பா காசி நாளை எண்ணிக்கொண்டு கிடந்தார். இன்றோ நாளையோ என்று காலையிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். மனுஷனுக்கு மிச்சமிருந்த ஆசை ஒன்றுதான்: இன்று சாயங்காலம் மலைமேல் தீபம் ஏறுவதைப் பார்த்துவிட வேண்டும். ஆயுசில் ஒரு வருஷம் தவறவிட்டதில்லை. இப்போது படியேறத் தெம்பில்லை. ஏறினாலும், பின்னால் புதிதாய் முளைத்த லாட்ஜ் மலையை மறைத்துவிட்டது.

கஸ்தூரியின் பிரௌசிங் சென்டரில் ஒரு குட்டிக் கேமரா இருந்தது. வளைகுடாவில் இருக்கும் புருஷன்மார்களுக்கு ஊர்ப் பெண்கள் இங்கிருந்து முகம் காட்ட வாங்கியது. கம்ப்யூட்டரோடு அதை எதிர்மாடிக்குத் தூக்கிப் போய், தெருவுக்குக் குறுக்கே ஒயர் இழுத்து, அப்பாவின் டிவியில் மலையை வரவழைத்துவிட்டாள். அந்தச் சந்தோஷம் பெரிய தேர் வரும்வரைதான். தேருக்கு இடிக்குமென்று குறுக்கே போன ஒயரையெல்லாம் அறுத்தெறிந்தார்கள். திருவிழா முடியும்வரை திரும்பக் கட்டக்கூடாதாம்.

"ஒயரு இல்லாமயே அனுப்பலாங்க்கா," என்றான் மாறன். கேபிளுக்குப் படம் அனுப்பும் பழைய பெட்டி ஒன்றைக் கம்ப்யூட்டரோடு சேர்த்து, மாடியில் ஓர் ஆன்டெனா, டிவிக்கு ஓர் ஆன்டெனா நட்டான். காலையிலிருந்து டிவியில் புள்ளி மழைதான்.

கஸ்தூரி ஆன்டெனாவைக் கொஞ்சம் திருப்பினாள். இன்னும் கொஞ்சம். வாசலில் மாறன் துண்டைச் சுழற்றிக் குதித்தான். அப்பாடா!

கேமரா கைப்பிடிச் சுவரில் நிற்காமல் காற்றுக்குச் சாய்ந்தது. அதை எடுத்து இரண்டு கையாலும் பிடித்து மலைக்கு நேரே நீட்டினாள்.

கோயிலில் வேட்டு வெடித்தது. உச்சியில் தீபம் எழுந்தது. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" ஊரே முழங்கியது. அவள் கைகள் தாமாகவே தலைக்கு மேலே போய்க் குவிந்தன. கண்ணில் நீர் கொட்டியது. கை இறங்கியபோதுதான் உறைத்தது. உள்ளங்கைகளுக்கு நடுவே கேமரா திரும்பிக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

பாவி, அந்த ஒரு நிமிஷத்துக்குத்தானே இத்தனை பாடு!

இரண்டு செங்கல்லுக்கு நடுவே கேமராவை மலைப்பக்கம் செருகிவிட்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வீட்டுக்கு ஓடினாள். வழியெல்லாம் வாசலில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா சந்திரம்மாள், அப்பாவின் தலையை மடியில் வைத்திருந்தாள். மாறன் சுவரைப் பார்த்து நின்றான். பார்த்ததுமே கஸ்தூரிக்குப் புரிந்துவிட்டது.

"தீபம் பாத்தாராம்மா?"

"தீபம் எங்கடி வந்துச்சு? டிவி கொள்ளாம உன் மூஞ்சிதான் வந்துச்சு. வாயத் தொறந்துகினு, அழுதுகினு."

கஸ்தூரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"உங்கப்பா சிரிச்சாருடி. 'ஏறிடுச்சு சந்திரா, புள்ள கும்புடுது பாரு'ன்னாரு. அவரும் கும்புட்டாரு. அவ்ளோதான்."

அப்பாவின் கைகள் நெஞ்சின்மேல் கூடியே இருந்தன. கஸ்தூரிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மாறன் டிவியை அணைக்கப் போனான்.

"இருக்கட்டும்டா," என்றாள் சந்திரம்மாள். "நீ தலமாட்டுல வெளக்கு ஏத்துடி."

வாசலுக்கென்று எண்ணெய் ஊற்றித் திரி போட்டுவைத்த அகல்களில் ஒன்றைக் கஸ்தூரி எடுத்துவந்தாள். டிவியில், கறுத்த மலையின் உச்சியில் ஒரு வெள்ளைப் பொட்டு ஆடிக்கொண்டிருந்தது.