ஹானாவின் நண்டு

மலாக்கா நீரிணையின்மேல் எழுந்த மழைமுகில்கள் ஒன்றையொன்று தள்ளியபடி சுங்கை ரம்பாய்ச் சிற்றூரை நோக்கி நகர்ந்து வர, அவற்றின் இடுக்குகளில் ஒழுகிய காலைவெயில், கண்ணுக்கெட்டிய தொலைவுவரை அணிவகுத்து நின்ற, எண்ணெய் தரும் செம்பனை மரங்களின் ஓலைகளை நனைந்த வாள்களெனப் பளபளக்கச் செய்தது. அத்தோட்டங்களின் நடுவே, மழிக்கத் தவறிய மயிர்க்கற்றை போல் ஒரு சிறு சதுப்புக்காடு எஞ்சியிருந்தது. ஆண்டாண்டாய் உதிர்ந்த இலைகள் மட்கி ஊறியதால் அதன் நீர் கடுந்தேநீரின் நிறம் கொண்டிருந்தது; அந்நீரில்தான், எந்த அறிவியல் நூலிலும் இடம்பெறாத ஊதாக்கால் நண்டொன்றை ஆய்வாளர் வாணி கண்டெடுத்தாள்.

அவள் ஆய்வுக்குப் பொருளுதவி செய்தவர் மலாக்கா நகரின் நறுமணப்பொருள் வணிகர் நூர்தீன். பன்னிரண்டாம் அகவையில் காய்ச்சலுக்குப் பலியான அவர் மகள் ஹானா, மழையோடைகளில் நண்டு பிடித்துக் களித்தவள். புதிதாய்க் காணும் உயிரொன்று அவள் பெயரைத் தாங்க வேண்டும் என்பதன்றி அவர் வேறெதையும் வேண்டவில்லை.

செய்தி கேட்டு ஆய்வுக்கூடத்துக்கு விரைந்து வந்தவர், கண்ணாடித் தொட்டியின்முன் குனிந்தார். உள்ளிருந்த நண்டு கொடுக்கை உயர்த்தி அவரை மிரட்டியது. அவர் சிரித்தார், பின் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் வாணி புதிய உயிருக்குப் பெயரிடும் முறையை விளக்கினாள். நண்டின் மேலோடும் அதன் நிறமும் ஏமாற்றக்கூடியவை. ஆண் நண்டின் வயிற்று மடிப்புக்குள் மறைந்திருக்கும் இணைசேர் உறுப்பின் நுண்ணிய வளைவே, சாவியின் பற்களைப் போல், ஓரினத்தை மற்றோரினத்தினின்று பிரித்துக் காட்டும். அதைக் காண உடலைத் திறக்க வேண்டும். திறந்த உடலை எரிசாராயத்தில் இட்டு, பின்வருவோர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அருங்காட்சியகத்தில் காக்க வேண்டும். அவ்வுடலே பெயருக்குச் சான்று.

"ஊறுகா போடற மாதிரியாம்மா?" என்று நகைக்க முயன்ற நூர்தீன், அது இயலாமல் குரல் தாழ்த்தினார். "எம்புள்ள பேர வைக்க இதக் கொல்லணுமா?"

"ஆமாங்கையா. பேரு இல்லன்னா அந்தக் காட்ட அழிச்சாலும் யாரும் கேட்க மாட்டாங்க."

"இதுமாதிரி இன்னும் இருக்குதா அங்க?"

பதினொரு நாள் நீரைச் சலித்தும் வாணி இரண்டாம் நண்டைக் கண்டிருக்கவில்லை. காட்டைத் திருத்திச் செம்பனை நடக் குறித்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அக்காட்டைக் குறித்த அச்சமும், தன் கண்டுபிடிப்பின்மேல் கொண்ட ஆசையும், எது எதுவெனப் பிரித்தறிய இயலாதவாறு அவள் நெஞ்சில் பின்னிக்கிடந்தன.

"நிறைய இருக்குதுங்கையா" என்றாள்.

அவர் இசைந்தார். மறுநாள் அவள் நண்டைப் பனிக்கட்டி நீரில் உணர்வடங்கச் செய்து, எரிசாராயத்தில் இட்டு, உருப்பெருக்கியின்கீழ் வைத்தாள். அவ்வளைவு இதுவரை அறியப்பட்ட எந்நண்டுக்கும் உரியதன்று. அவள் கணித்தது முற்றிலும் சரி. ஆயினும் அன்று அவளால் உண்ண இயலவில்லை. ஆய்வுரை அச்சேறியது, ஹானாவின் பெயர் உலகின் உயிர்ப்பட்டியலில் ஏறியது, காடு திருத்தும் பணி நிறுத்தப்பட்டது. ஆனால் அடுத்த ஆறு திங்களும் வாரந்தோறும் சதுப்பில் இறங்கித் தேடிய வாணியின் வலையில் இலைச்சேறன்றி வேறொன்றும் ஏறவில்லை.

அந்நிலையில்தான், நண்டுகளை உயிரோடு காண விரும்பிய மனைவி கரீமாவை அழைத்துக்கொண்டு நூர்தீன் முன்னறிவிப்பின்றிச் சதுப்புக்கு வந்தார். இடுப்பளவு நீரில் நின்றவாறே வாணி உண்மையைச் சொன்னாள்.

நூர்தீன் கரையில் அமர்ந்துவிட்டார். "அன்னிக்கே சொல்லியிருந்தா வேணாம்னிருப்பேனே."

"அதனாலதாங்கையா சொல்லல."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கரீமா மட்டும் நீரோரம் வந்து அமர்ந்து அவள் பக்கம் குனிந்தார். "இல்லன்னு தெரியுமா, இல்ல கிடைக்கலையா?"

"கிடைக்கலைங்கம்மா."

"அப்ப தேடு லா. பேரு வச்சாச்சுல்ல. நாங்க இங்கதான் இருக்கோம்."

வாணி வலையை மீண்டும் நீரில் இறக்கினாள். அவள் சொன்ன பொய் ஒரு காட்டைக் காத்தது மெய். அக்காட்டுக்குள் அப்பெயருக்குரிய உயிர் ஒன்றேனும் எஞ்சியிருக்கிறதா என்பதை எவராலும் கூற இயலாததும் மெய். அவ்விரு மெய்களுள் ஒன்று மற்றொன்றைக் கழுவி அழிப்பதில்லை. மழை தொடங்கியது, கரையில் இருந்த இருவரும் எழவில்லை, நீரில் நின்றவளும் கரையேறவில்லை.