டிக்கியில் இரண்டு ஒயர்

காயில் கட்டுவதுதான் என் பிழைப்பு. கருகிப்போன மோட்டாரைப் பிரித்து, பழைய கம்பியை உருவி எறிந்து, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பேன். பன்னிரண்டு வருஷமாக இதே வேலை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று என்று சொல்லுவேன். இப்படி ஒருத்தி வீட்டிலேயே இருக்கும்போது, என் வீட்டுக்காரர் தன் கார் வூஃபருக்குக் காயில் சுற்ற யாரைப் பிடித்தார் தெரியுமா? தம்பி பெண்டாட்டியை. என் ஓரகத்தியை. பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர்.

காரின் டிக்கியில், பாட்டின் அடிச் சத்தத்துக்கென்றே பெரிய வூஃபர் ஸ்பீக்கர் ஒன்றை வைத்திருந்தார். அது அடிச் சத்தத்தோடு நிற்காமல் பாடுகிறவர் குரலையும் சேர்த்து விழுங்கி, பானைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கொழகொழவென்று துப்பியது. அடிச் சத்தத்தை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்க ஒரு கிராஸ்ஓவர் வேண்டும். ஒரு காயில், ஒரு கண்டென்சர், ஒரு பலகைத் துண்டு, அவ்வளவுதான். "வீட்டுலயே பண்ணிடலாம் மாமா, நான் கணக்குப் போட்டுச் சுத்தித் தரேன்" என்றாள் டீச்சர். இவர் உடனே என் கடைக்கு வந்து, என் அலமாரியைத் திறந்து, என் தடித்த செப்புக் கம்பிச் சுருளை எடுத்துக்கொண்டார்.

"எதுக்கு?" என்றேன்.

"அவளுக்கு வேணுமாம்."

என் கம்பி, என் தொழில், அவளுக்குப் பெயர்.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன், சும்மா போகிற மாதிரி. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் குழாய்த் துண்டில் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கோணல்மாணலாக இருக்கும் என்று ஆசையோடு எட்டிப் பார்த்தேன். பாழாய்ப்போனவள், வரிசை பிசகாமல் சுற்றியிருந்தாள். "எப்படிக்கா இருக்கு?" என்றாள். "பரவாயில்ல" என்றேன்.

சனிக்கிழமை காலையில் காரில் மாட்டினாள். பாட்டைப் போட்டார்கள். குரல் தெளிந்துவிட்டது. இவர் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறைதான். "மூளைன்னா இதுதான் மூளை!" என்றார். நான் கட்டிய மோட்டார்கள் எத்தனை பேர் வீட்டில் தண்ணீர் ஏற்றுகின்றன. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை எனக்கு வந்ததுண்டா?

"இல்ல மாமா, அடி இன்னும் வரணும். எங்கயோ ஏதோ குறையுது" என்றாள் அவள். புகழைக் கேட்டு வாங்கத் தெரிந்தவள், வேறென்ன.

ஞாயிற்றுக்கிழமை, கொழுந்தன் வாங்கப்போகும் வீட்டைப் பார்க்க எல்லோரும் ஒரே காரில் கிளம்பினோம். முன்சீட்டு அவளுக்கு. "டீச்சர் முன்னாடி உக்காந்து கேக்கட்டும்" என்றார் இவர். தண்ணீர்க் கேனை டிக்கியில் வைக்கிற சாக்கில் நான் பின்னால் போனேன். வூஃபரில் இரண்டு ஒயர்கள், பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ். கை அரித்தது. பேட்டரி மோட்டாரில் ஒயரை மாற்றினால் எதிர்ப்பக்கம் சுற்றும். வூஃபரும் அப்படித்தான், கதவு ஸ்பீக்கர்கள் வெளியே தள்ளும்போது இது உள்ளே இழுக்கும். இரண்டு சத்தமும் ஒன்றை ஒன்று தின்று, இருக்கிற அடியும் போய்விடும். எதுவும் கெடாது, டீச்சரின் மூக்கு மட்டும் உடையும். இரண்டு ஒயரையும் கழற்றி, மாற்றிப் போட்டு, முனையை முறுக்கிவிட்டு வந்து பின்சீட்டில் கொழுந்தனுக்குப் பக்கத்தில் நல்லபிள்ளையாக உட்கார்ந்தேன்.

பாட்டு ஆரம்பித்தது. முதல் அடி விழுந்ததும் சீட்டே அதிர்ந்தது. கனமாக, சுத்தமாக, நெஞ்சுக்குள் வந்து இறங்குகிற அடி. "அடேங்கப்பா!" என்று கொழுந்தன் கத்தினார். இவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். என் முகத்தில் ஈயாடவில்லை.

"மாமா, ஓரமா நிறுத்துங்க" என்றாள் டீச்சர்.

இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தாள். எல்லோரும் இறங்கினோம். அவள் குனிந்து ஒயர்களைப் பார்த்தாள், பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

"இந்தக் காயிலும் கண்டென்சரும் சேர்ந்தா சத்தத்தையே திருப்பிப் போட்டுடும். அதனால ஒயரைத் தலைகீழா மாட்டணும். நான் பாட்டுக்கு பிளஸ்ஸுக்கு பிளஸ் மாட்டி வச்சிருக்கேன், மக்கு. யாரோ சரி பண்ணியிருக்காங்க." முனையைத் தொட்டுப் பார்த்தாள். மூன்று முறுக்கு, நுனி மடக்கி, தட்டையாக. காயில் கட்டுகிறவள் மட்டுமே போடுகிற முறுக்கு. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

செத்தேன் என்று நினைத்தேன்.

"அக்கா, நீங்கதானே? எல்லார் முன்னாடியும் என் தப்பைச் சொல்லிக் காட்டக் கூடாதுன்னு, சத்தமில்லாம சரி பண்ணிட்டு வந்து உக்காந்துட்டீங்களா?" அவள் கண் கலங்கியிருந்தது. "வேற யாரா இருந்தாலும் என்னை ஓட்டித் தள்ளியிருப்பாங்க."

இவர் என்னைப் பார்த்தார். பன்னிரண்டு வருஷமாக நான் காத்திருந்த பார்வை அது. "நான் முதல்லயே உன்னைத்தான் கேட்டிருக்கணும்" என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை நாளும் வெந்து செத்தேன். உண்மையைச் சொன்னால் அந்தப் பார்வை போய்விடும். சொல்லாவிட்டால் அது எனக்கு வந்ததல்ல, அவள் நினைத்துக்கொண்ட அந்த நல்லவளுக்கு வந்தது. என்னைப் பற்றி இவ்வளவு நல்லதாக நினைக்க அவளுக்கு எப்படித்தான் மனசு வந்தது? நான் அவளைப் பற்றி ஒரு நாளும் அப்படி நினைத்ததில்லை.

"எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?"

"அனுபவம்டி" என்றேன்.

"நீங்க முன்னாடி உக்காருங்கக்கா, அது உங்க இடம்" என்று அவளே கதவைத் திறந்துவிட்டாள். ஏறி உட்கார்ந்தேன். அந்த வீடு வருகிறவரை வூஃபர் என் முதுகிலேயே அடித்துக்கொண்டு வந்தது.