இரண்டாம் மாதத்து விரல்கள்

1.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு மடங்கிய தாளில். தெங்கேரா கடைத்தெருவில் பழைய பாடநூல்களை வாங்கி விற்கிறவன் நான். தாதிப் பயிற்சி முடித்த ஒரு பெண் கொடுத்துவிட்டுப் போன புத்தகத்தில் ஒரே ஒரு பக்கத்தின் மூலை மடித்திருந்தது. பிரித்தேன். கருவின் கை. ஆறாவது வாரத்தில் அது தோசைத் திருப்பி மாதிரி இருக்கிறது. எட்டாவது வாரம் முடிவதற்குள் ஐந்து விரல்கள்.

விரல்கள் முளைக்கின்றன என்றுதான் இத்தனை வயது வரை நினைத்திருந்தேன். இல்லையாம். விரல்களுக்கு நடுவே உள்ள சதை செத்து விலகுகிறதாம். விலகாமல் நின்றுவிட்டால் விரல்கள் ஒட்டியே பிறக்கும். அன்று வியாபாரம் ஓடவில்லை. எனக்கு ஒரு தாய் தேவைப்பட்டாள்.

(கதைக்காரனின் ஆசையைப் பாருங்கள். குறையோடு ஒரு குழந்தை கிடைத்தால் போதும், உடனே தாயைத் தேடக் கிளம்பிவிடுவான். தகப்பனைத் தேட மாட்டான்.)

2.

தொடக்கம் ஒன்று: "1929 மே ஒன்பதாம் தேதி சூரியனை ராகு—"

வேண்டாம். பஞ்சாங்கம் வாசிப்பது போலிருக்கிறது.

தொடக்கம் இரண்டு: "ரெம்பியா ஊருக்கு அப்பால், பனி இறங்கிய ரப்பர் மரங்களுக்கு நடுவே—"

தோட்டத்துக் கதை எழுதுகிற எல்லோரும் பனியில்தான் தொடங்குகிறார்கள். எனக்குப் பனி ஒத்துக்கொள்ளாது.

தொடக்கம் மூன்று: "இருசம்மாள் பொய் சொன்னாள்."

இது இருக்கட்டும்.

அந்த 1929 செப்டம்பரில் அவளுக்குப் பெண் பிறந்தது. வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் நகம் வரை ஒட்டியிருந்தன. வரிசை வீடுகளாக நின்ற தோட்டத்து லயமே வந்து எட்டிப் பார்த்தது. கணவனின் அக்காள் பெத்தம்மாள்தான் வாய் திறந்தாள்.

"கிரகணத்தன்னிக்கு என்னத்தடி அறுத்த?"

வயிற்றுப்பிள்ளைக்காரி கிரகண நேரத்தில் கத்தியைத் தொட்டால் பிள்ளையின் உறுப்பில் குறை விழும் என்பார்கள். இருசம்மாள் பால்மரம் வெட்டுகிறவள், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவள். கத்தி இல்லாமல் அவளுக்கு விடிவதில்லை. ஆனால் அன்று கிரகணம் பிடித்தது மத்தியானத்தில். அதற்குள் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து கதவைச் சாத்திப் படுத்துவிட்டாள். எதையும் தொடவில்லை.

"பூசணிக்கா நறுக்கிட்டேன் மதினி" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்கும் தெரியாது. எழுதிவிட்டு நானே முழித்தேன்.

3.

அவளை அந்தப் பழியிலிருந்து விடுவித்துவிட வேண்டும் என்பதுதான் என் திட்டம். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் சாமிக்கண்ணுவை அதற்காகவே உண்டாக்கினேன். புண்ணுக்கு மருந்து கட்டுவதும் மலேரியாக் காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பதும் அவர் வேலை. மேசையில் ஒரு தடித்த புத்தகத்தையும் வைத்தேன். (பால்மரம் வெட்டுகிற பெண்ணுக்கு ஒரு டிரசர் இவ்வளவு பொறுமையாக விளக்கியிருப்பாரா? சந்தேகம்தான். எனக்கு அவர் வேண்டும், அதனால் நல்லவராக இருக்கிறார்.)

1931 தொடக்கம். அவளுக்கு மறுபடி மூன்று மாதம். கணவன் தம்புசாமி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்திருந்தான்.

"இதுக்கும் இப்பிடி ஆயிருமோன்னு பயந்து சாவுறா ஐயா. சோறே எறங்கல."

டிரசர் குழந்தையின் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"கிரகணத்தப்ப உனக்கு எத்தன மாசம்?"

"அஞ்சு."

"அப்ப விடும்மா. கையி காலெல்லாம் ரெண்டாம் மாசத்துலயே உருவாயிருது. மொதல்ல ஒரு மொட்டு. உள்ள குருத்தெலும்பு, பொறவுதான் அது கெட்டியாவும். சதை வேற எடத்துலேர்ந்து வந்து ஏறும். மேல தோலு. கடேசியா நடுவுல உள்ளது கரைஞ்சு வெரல் பிரியும். இந்தப் புள்ளைக்கு அங்க கரையல. அம்புட்டும் ரெண்டாம் மாசத்துச் சமாச்சாரம். அஞ்சாம் மாசத்துப் பூசணிக்கா என்னா பண்ணும்?"

தம்புசாமி சத்தமாகச் சிரித்தான்.

"கேட்டியாடி? ஒன்மேல தப்பில்லயாம் லா! அக்காகிட்ட நானே போயி சொல்றேன். ரெண்டாம் மாசமாம்னு லயம் பூரா சொல்றேன்!"

[இங்கே எழுதி அடித்த வாக்கியம்: இருசம்மாளின் முகம் மலர்ந்தது.]

மலரவில்லை. முந்தானைக்குள் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். ஆவணியிலிருந்து பின்னால் போய்த் தை மாதத்தில் நின்றாள்.

4.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

1928இல் அவளுக்கு ஒரு பையன் இருந்தான். எட்டு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டான். அடுத்த கரு வயிற்றில் நின்றதும், இன்னொன்றைப் பெற்றுப் புதைக்க என்னால் ஆகாது என்று முடிவு செய்தாள். தைப்பூசம் முடிந்த வாரம், வேலி ஓரத்து அன்னாசியைப் பிஞ்சாகவே பறித்து உப்பைத் தொட்டு மூன்று நாள் தின்றாள். நாக்கெல்லாம் புண். கரு கலையவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

கிரகணத்தைப் பற்றி மதினி கேட்டபோது அவளுக்கு மூச்சே வந்தது. கிரகணம் என்பது தெரியாமல் செய்த தப்பு. லயமே பேசி, லயமே மன்னிக்கும். அந்தப் பூசணிக்காய்க்குப் பின்னால் ஒன்றரை வருடம் ஒளிந்திருந்தாள். ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் போய் அதைத் தட்டிவிட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

* அன்னாசியா விரலை ஒட்ட வைத்தது? இல்லை. அந்தச் சதை ஏன் விலகவில்லை என்பதற்குப் பல நேரம் காரணமே தெரிவதில்லை. டிரசரும் அதைச் சொல்லிவிடுவார். ஆனால் அவள் கேட்டால்தானே சொல்வார்?

5.

அவள் கேட்காமல் போகும் முடிவை எழுதினேன். தம்புசாமி லயம் முழுக்கச் சொல்கிறான். பெத்தம்மாளும் எண்ணிப் பார்க்கிறாள். பூசத்துக்கு மறுவாரம் இவள் வாய்ப்புண்ணோடு கஞ்சி குடித்தது அவளுக்கு நினைவு வருகிறது. மேலே எழுதக் கை வரவில்லை.

கணவன் முன்னாலேயே கேட்கும் முடிவையும் எழுதினேன். ஒரு பிரதியில் அவன் அடித்தான். இன்னொன்றில் அவனே அழுதான். இரண்டையும் நான் நம்பவில்லை. நல்ல மனுஷன்தான். ஆனால் அவனும் அந்தப் பையனைப் புதைத்தவன். "ஒன்றை நான் புதைத்தேன், இன்னொன்றை நீ—" என்று அவன் தொடங்கினால் நான் அதை எப்படி முடிப்பேன்?

6.

என்னால் முடிந்தது இவ்வளவுதான். குழந்தையை அழவிட்டேன். தம்புசாமி அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வெளியே போனான். சாமிக்கண்ணுவையும் மருந்து அறைக்கு அனுப்பிவிட்டேன். அவர் நாற்காலி காலியாக இருக்கிறது. நீங்கள் வந்து உட்காருங்கள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். அவருக்குத் தெரியாததும் தெரியும்.

வெளியே அழுகை அடங்கிக்கொண்டு வருகிறது. அவன் திரும்பிவிடுவான்.

இருசம்மாள் கதவைப் பார்க்கிறாள். பிறகு உங்களைப் பார்க்கிறாள்.

"ரெண்டாம் மாசத்துல, பெத்தவளே இது வேணாம்னு நெனச்சிருந்தா, அது புள்ளைக்குத் தெரிஞ்சிருக்குமா?"