உபவாசம் இருந்த கிளி

கிளி உபவாசம் இருக்கிறது என்று முதலில் சொன்னது பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாள்தான்.

"அண்ணே, லெந்து உபவாசக் காலத்துல நம்ம சபையில எத்தினி பேரு வாயைக் கட்டறான்? உங்க மன்னாவைப் பாருங்க. கடலையைத் திரும்பிக்கூடப் பார்க்கல!"

தேவானந்தத்துக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வீட்டில் சாப்பாட்டு ஜெபம் முடியும் வரைக்கும் மன்னா தீனியைத் தொடாது. கூடவே "ஆமென்" சொல்லிவிட்டுத்தான் வேர்க்கடலையை வாங்கும். இப்போது ஆமென் மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. சேதி சபைக்குள் பரவி, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சித்தூர் ஜனம் பாதி அவர்கள் வீட்டு முன்னால் நின்றது.

"எங்க வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் சொல்லிக் குடு மன்னா," என்றாள் ஏசுரத்தினம். "ஒரு வாரம் கறி இல்லாட்டி மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கினு உக்காந்துடறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். தேவானந்தமும் சிரித்தார். உள்ளே கதவோரம் நின்றிருந்த அவர் சின்ன மகள் லோயிஸ், நைனா சிரிப்பதைப் பார்த்து வெகு நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் விலங்கியல் படித்தவள். பறவை தீனியை மறுத்தால் அது பக்தி இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் நாலு பேர் முன்னால் அவள் வாய் திறக்க மாட்டாள். சாயங்காலம் தனியாகச் சொல்லலாம் என்றிருந்தாள். சாயங்காலம் நைனா கூண்டுக்குக் கீழே உட்கார்ந்து கீர்த்தனை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டாள்.

குருத்தோலை ஞாயிறு அன்று கூண்டைக் கழுவும்போது மன்னாவைக் கையில் எடுத்தாள். நெஞ்செலும்பு கத்தி முனையாகக் குத்தியது. அலகை விலக்கிப் பார்த்தாள். நாக்கின் அடியில் வெள்ளையாக ஒரு கட்டி.

"நைனா, இது உபவாசம் இல்ல. நோவு."

அவர் கிளியின் வாயையும் பார்த்தார், மகளையும் பார்த்தார். போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். அன்றைக்கு எந்த மருத்துவமனையும் திறந்திருக்காது என்று லோயிஸ்தான் எடுத்துச் சொல்லி உட்காரவைக்க வேண்டியிருந்தது.

மன்னா உண்மையில் லோயிஸின் அக்கா தபீதாவின் கிளி. ஒரு வருஷம் அறுப்பின் பண்டிகையில் யாரோ பூசணிக்காய்க்கும் கோழிக்கும் நடுவே கூடையில் ஒரு கிளிக்குஞ்சைக் காணிக்கையாக வைத்திருந்தார்கள். ஆராதனைக்குப் பின் ஏலம் விட்டபோது, பெரியவள் ஆசைப்பட்டாள் என்று தேவானந்தம் விடாமல் கேட்டு எடுத்தார். தாயில்லாத பெண்கள் இரண்டையும் காலையில் எழுப்புவது அவர்தான். அதைக் கேட்டுக் கேட்டுக் கிளியும் கற்றுக்கொண்டது, அச்சாக அவர் குரலிலேயே.

"தபீதா கண்ணு, எழுந்துரு. பால்காரன் வந்துட்டான்."

தபீதா கோவர்த்தனனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு திருப்பதிக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. கோவர்த்தனன் ஏர்பேடு பக்கத்து விவசாயக் குடும்பம், கோயிலுக்குப் போகிறவர்கள். அன்றிலிருந்து அவள் பேரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. ஆனால் அதைக் கிளியிடம் யார் சொல்வது? விடியும் வேளையில், பேரை விலக்கியவரின் குரலிலேயே அந்தப் பேர் வரும். முதலில் கொஞ்ச காலம் தேவானந்தம் கூண்டைப் போர்வையால் மூடிப் பார்த்தார். பிறகு போர்வையை மறந்துவிட்டார். பிறகு காபியோடு கூண்டுக்கடியில் வந்து உட்கார ஆரம்பித்தார், கிளி பேசுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே.

லோயிஸும் அந்நேரத்தில் விழித்துத்தான் இருப்பாள். கண்ணைத் திறக்க மாட்டாள். அந்த ஒரு வார்த்தை காதில் விழும் நேரத்துக்கு, பாயில் பக்கத்தில் அக்கா படுத்திருப்பாள். அவள் பின்னல் இவள் கையில் உரசும்.

திங்கட்கிழமை பஸ்ஸில் கூண்டை மடியில் வைத்து மூடிக்கொண்டு திருப்பதிக்குப் போனார்கள். கால்நடைக் கல்லூரி மருத்துவமனையில் எருமைகளுக்கும் கன்றுகளுக்கும் நடுவே காத்திருந்தார்கள்.

"ஈ சிலுகக்கி ஏமி பெடுதாரம்மா?" என்று டாக்டர் தெலுங்கில் தீனியைப் பற்றிக் கேட்டார்.

"கடலை சார். வேற எது வெச்சாலும் தள்ளிடும்."

"அதுதான்." அவர் தமிழுக்கு மாறினார். "வெறும் கடலையே தின்னா சத்துக் குறைஞ்சு இப்படிக் கட்டி வரும். மூச்சுக் குழாய் வாயை அடைச்சிக்கிட்டிருக்கு. வெட்டி எடுக்கலாம். ஈதர் மயக்கம் தாங்காம மேஜையிலேயே போனாலும் போயிடும். பிழைச்சா, நாக்கு அடியோட கொஞ்சம் போகும். அப்புறம் பேசாது."

"வெட்டாட்டி?" என்றார் தேவானந்தம்.

"இருக்கிற வரைக்கும் பேசும். ஒரு நாள் மூச்சு அடைக்கும். மத்தியானத்துக்குள்ள சொல்லுங்க."

வெளியே வந்து வேப்பமர நிழலில் உட்கார்ந்தார்கள்.

"வெட்ட வாணாம்," என்றார் அவர். "இருக்கற வரைக்கும் இருக்கட்டும்."

"அதுக்கு வலிக்குது நைனா."

"பேசுதே. வலிச்சாப் பேசுமா?"

லோயிஸுக்கு அதற்குப் பதில் தெரியும். ஆனால் அவளுக்கும் வேண்டாம் என்றே இருந்தது. அந்தக் குரல் போய்விட்டால் விடியற்காலையில் பாயில் அவள் ஒருத்திதான். தனக்கு வேண்டியதற்குப் படிப்பைச் சாட்சிக்கு இழுத்துவிடுவோமோ என்று பயந்தாள். அதனால்தான் அந்தப் பேச்சு அவள் வாயிலிருந்து வந்தது.

"இது நம்ம கிளி இல்ல நைனா. அவகிட்டதான் கேக்கணும்."

அவர் செருப்பு முனையால் தரையைக் கீறிக்கொண்டிருந்தார். எருமை ஒன்று கத்தி ஓய்ந்தது.

"நான் வரல. நீ போய்க் கேட்டுக்கினு வா." எழுந்து போகப் போனவளை நிறுத்தினார். "ஸ்டேஷனுக்குப் பின்னால, ரெண்டாவது சந்து. நீலக் கதவு."

விலாசத்தை லோயிஸ் எப்போதோ மனப்பாடம் செய்திருந்தாள். கதவு நீலம் என்பது அவளுக்குத் தெரியாது.

நீலக் கதவைத் திறந்த தபீதா முதலில் திட்டினாள்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதாடி உனக்கு? ஆளு பாதியா இளைச்சிட்ட. அவரு உனக்குச் சோறு போடறாரா இல்லியா?" பிறகுதான் கூண்டைப் பார்த்தாள். "இது யாரு?"

லோயிஸ் போர்வையை எடுத்தாள். வெளிச்சம் பட்டதும் மன்னாவுக்கு விடிந்துவிட்டது. இறகை உதறிக்கொண்டு, கரகரத்த குரலில், "தபீதா கண்ணு, எழுந்துரு. பால்காரன் வந்துட்டான்," என்றது.

தபீதா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். வெகு நேரம் முந்தானையை வாயில் வைத்திருந்தாள். லோயிஸ் கட்டியைப் பற்றி, டாக்டர் சொன்னதைப் பற்றி, ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"இன்னோரு வாட்டி சொல்லச் சொல்லுடி."

லோயிஸ் மூடித் திறந்தாள். மன்னா கழுத்தை நீட்டியது. "தபீதா..." என்று தொடங்கியது, பிறகு குரல் சிக்கியது. அலகைப் பிளந்துகொண்டு, வால் ஏறி இறங்க, மூச்சுக்குத் தவித்தது. கம்பியைப் பிடித்திருந்த கால் நழுவியது. ஒருவழியாக மூச்சு வந்தபின் மறுபடியும் கழுத்தை நீட்டியது, மீதியைச் சொல்ல.

"மூடு!" என்றாள் தபீதா. "மூடுடி. போதும்." அவளே போர்வையை இழுத்து மூடினாள். "நான் கேக்கறதுக்கு அது மூச்சு முட்டணுமா? வெட்டச் சொல்லு."

"அப்புறம் பேசாதுக்கா."

"போவட்டும். நைனா என்னைக் கூப்புடுவாரு, கூப்புடாம இருப்பாரு. அதை ஏன் இது கழுத்துல கட்டி வுடணும்?"

அவளும் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

வேப்பமரத்தடியில் தேவானந்தம் எழுந்து நின்றார். பார்வை கூண்டின் மேலேயே இருந்தது.

"என்ன சொல்றாங்க?" என்று லோயிஸைக் கேட்டார். தபீதா கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தாள்.

"வெட்டச் சொல்றா நைனா."

அவர் தலையை ஆட்டினார். "சரி. அவங்க கிளி."

கிளியை உள்ளே வாங்கிக்கொண்டு போனதும் அவர் கண்ணை மூடி ஜெபித்தார். முடித்துவிட்டுப் பழக்கத்தில் ஒரு கணம் காத்திருந்தார். கூண்டு காலியாக இருந்தது. "ஆமென்" என்றாள் தபீதா. அவர் கண்ணைத் திறக்கச் சற்று நேரமாயிற்று.

மன்னா பிழைத்தது. மயக்கம் தெளிந்து அலகைத் திறந்தபோது காற்று மட்டும் வந்தது. கூழும் பப்பாளியும் மீன் எண்ணெயும் கொடுக்க வேண்டும். தினம் புண்ணுக்கு மருந்து வைக்க மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். சித்தூரிலிருந்து ஆகிற காரியமில்லை.

தேவானந்தம் கூண்டைப் பெரியவள் பக்கம் நகர்த்தி வைத்தார். "பப்பாளியைச் சின்னதா நறுக்கணுமாம், சொல்லு," என்றார் சின்னவளிடம்.

"கேட்டுச்சுன்னு சொல்லு," என்றாள் தபீதா.

திரும்பி வரும்போது பஸ்ஸில் போர்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு லோயிஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் வழக்கமான நேரத்துக்கு அவளுக்கு விழிப்புத் தட்டிவிட்டது. காபி டம்ளரைத் தரையில் வைக்கும் ஓசை கேட்டது. கூண்டில்லாத கொக்கிக்குக் கீழே அவர் உட்கார்ந்திருக்கிறார். தெருமுனையில் பால்காரனின் மணி அடித்தது. சைக்கிள் வாசலைத் தாண்டிப் போயிற்று.

அதன் பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்பது போல, மெல்லிய குரல் வந்தது.

"தபீதா கண்ணு, எழுந்துரு."

கொஞ்சம் விட்டு,

"பால்காரன் வந்துட்டான்."

லோயிஸ் கண்ணைத் திறக்கவில்லை. பாயில் ஓரமாகத் தள்ளிப் படுத்தாள்.